ஏழு கன்னியர் மலையும் இடமறி கலையும்

கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கலை வழியாக மலைநாட்டுக்கு ஏறும் நெடுஞ்சாலை களனி ஆற்றின் பள்ளத்தாக்கை விட்டு மேலெழும் வாயிலில் அமைந்த ஊர் கினிகத்தேனை. தீப்பற்றிய சேனைநிலம் எனப் பொருள்படுவது அதன் சிங்களப் பெயர். ஆயினும் நெருப்பினும் நீரே அவ்வூரின் இயல்பு எனலாம். வட்டவளையை உள்ளிட்ட அச்சாரல் ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையைப் பெறுவது. மேகம் மலையிற் படியும் நாட்களில் எதிரே வரும் வண்டியின் விளக்கும் அருகில் வந்தபின்னரே புலனாகும். 1874இல் நாவலப்பிட்டியை அடைந்த புகையிரதப் பாதை 1884இல் அற்றனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியபோது கினிகத்தேனையைத் தொடாமலே சென்றது. ஆதலின், அன்று தொட்டு இன்றுவரை அவ்வூர் சாலைவழிப் பயணிகளின் ஊராகவே இருந்து வருகின்றது. அவ்வூரிலிருந்து நோர்ட்டன் பிரிட்ஜ் நோக்கிப் பிரியும் பாதை நீர்மின் நிலையங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் கடந்து, ஏழு கன்னியர் மலை என்றும் சப்த கன்னி என்றும் வழங்கும் முகட்டு வரிசையின் அடிவாரத்தை அணுகும்.

அம்முகட்டு வரிசையின்மீது 1974ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி இரவு ஏறக்குறைய 10 மணி 10 நிமிடத்துக்கு ஒரு வானூர்தி மோதி அழிந்தது. நெதர்லாந்து நாட்டு மார்ட்டின்எயர் நிறுவனத்துக்குரிய டக்ளஸ் டி.சி. 8 வகை வானூர்தி அது. இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து மக்காவுக்குப் புனிதப் பயணம் புறப்பட்ட 182 பேரையும் பணியாளர் 9 பேரையும் சுமந்து, கட்டுநாயக்காவில் இறங்கிப் பின்னர் ஜெத்தா செல்வதாக இருந்தது. 191 பேரில் ஒருவரும் பிழைத்திலர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த வானூர்தி விபத்துகளுள் இதனினும் பெரிய உயிரிழப்பு வேறில்லை.

இவ்வழிவின் காரணம் பொறியின் பழுதன்று, புயலுமன்று. தாம் எங்கே இருக்கின்றோம் என்பதை வானோடிகள் பிழைபட அறிந்ததே காரணம். விசாரணை முடிவு இதனை ஐயத்துக்கிடமின்றிக் கூறுகின்றது: விமான நிலையத்தைச் சார்ந்து தம் இருப்பிடத்தைத் தவறாக மதிப்பிட்ட வானோடிகள் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கினர், வானூர்தியிலிருந்த டொப்பிளர் கருவியையும் வானிலை றேடாரையும் சார்ந்திருந்தமையும், அவை தரும் செய்தியைப் பிறழப் பொருள்கொள்ள இடமிருந்தமையும் அம்மதிப்பீட்டுக்கு வழிவகுத்தன. இருப்பிடம் அறியும் கலையின் வரலாற்றிலே இம்முடிவு பெறும் இடம் யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

நிலம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பிடம் அறிதற்கு மனிதன் பழங்காலந்தொட்டே ஒன்றுக்கு மேற்பட்ட சான்றுகளை நாடி வந்துள்ளான். இலங்கைக் கடலோடிகள் விண்மீன்களை நோக்கி வழியறிவதில்லை என்றும், கலத்திற் பறவைகளைக் கொண்டுசென்று இடையிடையே பறக்கவிட்டு, அவை நிலம் நாடிச் செல்லும் திசையைப் பின்பற்றுவர் என்றும் கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோம நாட்டுப் பிளினி எழுதினார். அவர் செய்தி முழுமையும் சரியோ என்பது வேறு வினா. எனினும் ஒரு பறவையைக் கருவியாகக் கொண்டு இருப்பிடம் அறிந்த முறைமை அதில் வெளிப்படுகின்றது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இபுன் பதூதா, கரை சேருமுன்னரே சிவனொளிபாத மலையைக் கடலிலிருந்து கண்டதாகப் பதிவு செய்துள்ளார். அம்மலை அராபியக் கடலோடிகளுக்கு இயற்கை அமைத்த கலங்கரை விளக்கம். அதே மலைத்தொகுதியின் அயலில்தான் 1974இன் வானூர்தி அழிந்தது என்பது நினைக்குந்தோறும் நெஞ்சை உறுத்துவது. பகலிற் கலங்களுக்கு வழிகாட்டிய முகடு இரவிலே கண்ணுக்குப் புலப்படாத பகையாயிற்று.

காட்சிக்கு எட்டாத இடைவெளியைக் கடலோடிகள் கணிப்பினால் நிரப்பினர். புறப்பட்ட இடம், திசைகாட்டி சுட்டிய திசை, கலத்தின் வேகம், கழிந்த நேரம் ஆகியவற்றைக் கொண்டு இப்போது நிற்கும் இடத்தைக் கணித்தல் அம்முறை. இதன் நன்மை, புறத்தேயிருந்து எவ்வுதவியும் வேண்டாமை. இதன் குறையோ, வழு சேர்ந்துகொண்டே போதல். திசையில் ஒரு பாகை பிழைத்தால் 60 மைல் சென்றபோது ஒரு மைல் விலகல் உண்டாகும். 600 மைலிற் பத்து மைல். ஆதலின் கணிப்பை இடையிடையே காட்சியினால் திருத்துவது மாலுமியின் நித்திய கடன்.

நிலத்தை அளந்தோரும் இவ்வொழுக்கத்தையே கைக்கொண்டனர். 1802இல் லாம்ரன் சென்னையில் ஓர் அடிக்கோட்டை அளந்து தொடங்கிய முக்கோணகணித அளவையில், தொடர்ந்த முக்கோணங்களாற் கணித்துப் பெற்ற தூரத்தை, பிறிதோரிடத்தில் நேரே அளந்த இன்னோர் அடிக்கோட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது விதி. 1808இல் தஞ்சைப் பெருங்கோயிலின்மேல் ஏற்றும்போது கயிறறுந்து சிதைந்த பெருந் தியோடலைற்றை லாம்ரன் ஆறு வாரம் இருந்து தம் கையாற் செப்பஞ்செய்த கதை யாவரும் அறிந்தது. கருவியின் குணத்தோடு அதன் குற்றத்தையும் அறிந்தவரே அதனை நம்பலாம் என்பதற்கு அவர் சான்று. 1800இல் நிறுவப்பெற்ற இலங்கை நில அளவைத் திணைக்களமும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் இரு அடிக்கோடுகளை அளந்து, தீவின் குறுக்கே செல்லும் முக்கோணத் தொடரை இரு முனைகளிலும் கட்டியது. பிதுருதலாகலை உச்சி தேசப்படத் தொகுதிக்கு ஆதாரப் புள்ளியாயிற்று. மலைநாட்டின் சிகரங்கள் ஒவ்வொன்றின் இடமும் உயரமும் இவ்வாறு அளக்கப்பெற்று, விபத்துக்கு நெடுங்காலம் முன்னரே தேசப்படத்தில் ஏறிவிட்டன. எனவே 1974இல் அறியப்படாதிருந்தது மலையின் இடமன்று, வானூர்தியின் இடமே.

இனி, அவ்வானூர்தி நம்பிய கருவிகளை நோக்குவோம். டொப்பிளர் கருவி, 1842இல் கிறித்தியன் டொப்பிளர் கண்ட விதியின் வழி இயங்குவது. வானூர்தி தன் அடியிலிருந்து சரிவாக வானொலிக் கதிர்களை நிலத்தின்மேற் செலுத்த, மீளும் அலையின் அதிர்வெண் வேகத்துக்கேற்ப மாறும். அம்மாற்றத்தைக் கொண்டு தரையைச் சார்ந்த வேகத்தையும், காற்றினால் ஏற்படும் பக்க ஒதுக்கத்தையும் அறியலாம். அவற்றோடு திசைகாட்டியின் செய்தியையும் நேரத்தையும் இணைத்தால் கடந்த தூரமும் நின்ற இடமும் பெறப்படும். சுருங்கக் கூறின், இது பழைய மாலுமியின் கணிப்பே. வேகம் அளக்கும் கயிற்றுக்குப் பதிலாக வானொலிக் கதிர் வந்தது, அவ்வளவே. திசைகாட்டியின் பிழை இதிற் குறைவின்றிச் சேரும். அன்றியும், அமைதியான கடற்பரப்பு அலையைச் செவ்வனே திருப்பி அனுப்புவதில்லை; நீரோட்டமும் அலையின் அசைவும் அளவைச் சற்றே திரிக்கும். சுரபாயாவிலிருந்து கொழும்பு சற்றேறக்குறைய 4,000 கிலோமீற்றர். அதிற் பெரும்பகுதி கடல்.

மற்றைய கருவி வானிலை றேடார். மழைமேகங்களைக் காட்டுதற்கென்றே அமைந்த இக்கருவியைச் சரித்து நோக்கினால் கடற்கரையின் உருவமும் மலைகளின் உருவமும் திரையில் மங்கலாகத் தோன்றும். எனினும் அது படம் மட்டுமே. பெயர் எழுதிய படமன்று. திரையிற் காணும் ஒளிக்கோடு மேற்குக் கரையா கிழக்குக் கரையா, ஒளிப்பொட்டு மேகமா மலையா என்பதை நோக்குவோனே தீர்மானித்தல் வேண்டும். அங்ஙனம் தீர்மானிக்கும் மனிதன், தான் எங்கே இருப்பதாக முன்னரே எண்ணியிருக்கின்றானோ அவ்வெண்ணத்துக்கு இசையவே படத்தை வாசித்தல் இயல்பு. கணிப்பு ஒரு பக்கம் பிழைத்து, அப்பிழைத்த கணிப்பின் துணைகொண்டே படமும் வாசிக்கப்படுமாயின், இரண்டு சாட்சிகள் உடன்பட்டன போலத் தோன்றும். உண்மையிலோ இருப்பது ஒரு சாட்சியே. மற்றையது அதன் எதிரொலி. விசாரணையாளர் கூறிய, பிறழப் பொருள்கொள்ளும் இடம் என்பதன் உள்ளடக்கம் இதுவே எனக் கொள்ளலாம்.

விபத்து நிகழ்ந்த அரை மணி நேரத்தின் செய்தி சுருக்கமானது. கட்டுப்பாட்டு நிலையம் முதலில் 5,000 அடி வரை இறங்க அனுமதித்தது. பின்னர் 2,000 அடி வரை இறங்கி, விமான நிலையம் கண்ணுக்குத் தென்பட்டதும் அறிவிக்குமாறு கூறியது. கட்டுநாயக்கா கடல்மட்டத்தை ஒட்டியது. அவ்வுயரம் அங்கே பொருத்தமானது. ஆனால் வானூர்தி அங்கே இருந்திலது. விபத்துப் பதிவுகளில் அஞ்சிமலை எனக் குறிக்கப்படும் முகட்டில், ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் அது மோதியது. நிலையத்துக்கு இன்னும் எஞ்சியிருந்த தூரம் ஏறக்குறைய 40 கடல்மைல், அதாவது 74 கிலோமீற்றர். சுரபாயாவிலிருந்து வந்த முழுத் தூரத்தோடு ஒப்பிட்டால் அது நூற்றுக்கு இரண்டினும் குறைவு. நடுக்கடலில் இத்துணை வழு ஒருவரையும் வருத்தாது. மலைநாட்டின் விளிம்பிலோ அதுவே உயிருக்கும் இறப்புக்கும் இடையிலுள்ள தூரம்.

சைவ சித்தாந்த நூல்களைக் கற்றோர்க்கு இந்நிகழ்ச்சி அளவையியலை நினைவூட்டும். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் அறிவுக்கு வாயில்கள் என்பது அந்நூல்களின் துணிபு. ஐயமும் திரிபும் நீங்கிய வழியே காட்சி அளவையாகும் என்பதும் அவற்றின் எச்சரிக்கை. வானோடிக்கும் வாயில்கள் இம்மூன்றே: கண்ணும் றேடாரும் காட்சி, டொப்பிளர்க் கணிப்பு கருதல், கட்டுப்பாட்டாளரின் சொல் உரை. ஆனால் வானோடி அறிவிக்கும் இருப்பிடத்தைக் கொண்டே கட்டுப்பாட்டாளர் அனுமதி வழங்கும் வேளையில், அவ்வுரையும் தனிச்சான்றாக நில்லாது. வானோடியின் பிழையே கீழே சென்று, அனுமதியின் உருவில் மேலே திரும்புகின்றது. கருவிகளும் சொற்களும் எத்துணைப் பலவாயினும், அவை ஒன்றையொன்று சாராது நிற்கின்றனவா என்பதே முதல் வினா.

இலங்கையில் இவ்வழிவு நேர்வதற்கு மூன்று நாள் முன்னர், 1974 டிசெம்பர் 1ஆந் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில் மவுண்ட் வெதர் என்னும் மலையில் டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் போயிங் 727 வானூர்தி ஒன்று மோதி 92 பேர் மாண்டனர். டலஸ் விமான நிலையத்துக்கு ஏறத்தாழ 25 கடல்மைல் இருக்கும்போதே அவர்கள் 1,800 அடி நோக்கி இறங்கியிருந்தனர். அணுகுதற்கு அனுமதி கிடைத்தபடியால் நிலத்தின் தடைகளைக் கட்டுப்பாட்டாளர் கவனித்துக்கொண்டார் என வானோடிகள் எண்ணினர். அவ்வனுமதிக்கு அத்தகைய பொருள் இல்லையெனக் கட்டுப்பாட்டாளர் கருதினார். இரு விபத்துகளும் வெவ்வேறு கண்டங்களில், வெவ்வேறு கருவிகளோடு நிகழ்ந்தபோதும் குணத்தால் உடன்பிறப்புகள். செவ்வனே இயங்கும் வானூர்தி, தேர்ந்த வானோடிகளின் கையில், அவர்கள் அறியாமலே நிலத்தில் மோதுதல் என்பது அக்காலத்து விமானப் பயணத்தின் பெருங்கொடுமையாக இருந்தது.

அம்மாதத்திலேயே அமெரிக்க அரசு, பெரிய பயணிகள் வானூர்திகள் யாவும் நில அணுகல் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்தல் வேண்டுமென விதித்தது. கனடாவிற் பிறந்த டொனால்ட் பேற்மன் என்னும் பொறியியலாளர் ஆக்கிய கருவி அது. வானொலி உயரமானி காட்டும் உண்மையான நில இடைவெளியையும், வளியமுக்கத்தால் அறியும் இறங்கு வேகத்தையும், சக்கரங்களின் நிலையையும் சேர்த்து நோக்கி, ஆபத்தாயின் குரல் எழுப்பும். பயன் பெரிது. ஆயினும் அக்கருவி கீழ்நோக்கியே காண்பது. செங்குத்தாக எழும் மலைமுகத்தின் எதிரே அதன் எச்சரிக்கை பிந்திவிடும். ஏழு கன்னியர் மலை போன்ற முகடுகளுக்கு அது போதுமா என்பது ஐயத்துக்குரியது. இக்குறையைப் போக்கியது 1990களில் வந்த திருத்திய கருவி: உலகத்து நிலவுயரங்களைத் தன் நினைவில் தாங்கி, செய்மதிகளால் அறிந்த இருப்பிடத்தோடு பொருத்தி, எதிரே வரும் மலையை முன்கூட்டியே கூறுவது. நூறாண்டுகளாக நில அளவையாளர் சிகரந்தோறும் ஏறிச் சேர்த்த அறிவு அப்போதுதான் வானோடியின் காதுக்கு எட்டியது.

பல சான்றுகளை ஒன்றாக்கும் கணிதத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1801 சனவரி 1ஆந் திகதி பியாசி கண்டு, பின்னர் ஞாயிற்றின் ஒளியில் மறைந்த செரெசு என்னும் சிறுகோளின் பாதையை இளைஞராகிய கவுசு சில நோக்கல்களிலிருந்தே கணித்து, அது மீண்டும் தோன்றுமிடத்தைக் கூறினார். 1809இல் அவர் வெளியிட்ட நூலில் இழிவு வர்க்க முறை விளக்கம் பெற்றது. அதன் சாரம் எளிது. ஒரு கருவி தூரம் 10 கிலோமீற்றர் என்று கூற, அதன் வழக்கமான வழு 1 கிலோமீற்றர் என்க. மற்றொன்று 15 என்று கூற, அதன் வழு 2 கிலோமீற்றர் என்க. இரண்டையும் கூட்டிப் பாதியாக்குதல் முறையன்று. வழுவின் வர்க்கத்துக்குத் தலைகீழாக மதிப்பளித்தால் முன்னதற்கு நான்கு பங்கும் பின்னதற்கு ஒரு பங்கும் சேர, விடை 11 கிலோமீற்றராகும். அதன் வழுவோ 0.9 கிலோமீற்றரளவிற் குறையும். தாழ்ந்த கருவியும் சேர்ந்தமையால் உயர்ந்த கருவியின் முடிவு மேலும் கூர்மை பெற்றது. ஆனால் இவ்வாதாயம், இரு வழுக்களும் ஒன்றையொன்று சாராதபோதே உண்மையாகும். சார்ந்த வழுக்களைச் சாராதன எனக் கொள்ளும் கணிதம், பிழையைக் குறைப்பதற்குப் பதிலாகப் பிழையின்மேல் நம்பிக்கையை வளர்க்கும்.

1960இல் அமெரிக்கரான ருடொல்ப் கல்மான் வெளியிட்ட ஆய்வு, இம்முறையை இயங்கும் பொருளுக்கு உரியதாக்கியது. கணிப்பினால் இருப்பிடத்தை முன்னே கூறல். அக்கூற்றின் ஐயம் நேரந்தோறும் எவ்வளவு வளர்கின்றது என்பதையும் கணித்தல். புதிய நோக்கல் வந்தவுடன் இரண்டின் நம்பகத்தையும் எடைபோட்டுத் திருத்தல். மீண்டும் முன்னே கூறல். சந்திரனுக்குச் சென்ற அப்பலோ கலங்களின் வழியறிதலுக்கு இம்முறை பயன்பட்டது. இதில் மிகச் சிறந்த கூறு, இருப்பிடத்தோடு இருப்பிடத்தின் ஐயமும் ஓர் எண்ணாக எப்போதும் முன்னிற்பது என்க. 1974 டிசெம்பர் 4ஆந் திகதி இரவில் இல்லாதிருந்தது அவ்வெண்ணே. கருவி காட்டிய தூரம் இருந்தது. அத்தூரத்தை எத்துணை நம்பலாம் என்பது காட்டப்பெறவில்லை.

கருவிகள் திருந்தியதனால் மட்டும் அழிவுகள் நின்றுவிடவில்லை. 1978 நவெம்பர் 15ஆந் திகதி, ஜெத்தாவிலிருந்து புனிதப் பயணிகளோடு திரும்பிய ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் டி.சி. 8 வானூர்தி கட்டுநாயக்காவில் இறங்கும்போது தென்னந்தோப்பில் வீழ்ந்து, 262 பேரில் 183 பேர் மாண்டனர். இங்கே பிழைத்தது இடமன்று, உயரம். 1979 நவெம்பர் 28ஆந் திகதி அந்தாட்டிக்காவின் எரெபசு மலையில் நியூசீலாந்து வானூர்தி மோதி 257 பேர் இறந்தபோது, உணர்கருவிகள் சரியாகவே இயங்கின. முதல்நாள் இரவு மாற்றப்பட்ட பாதையின் எண்கள் வானோடிகளுக்குத் தெரிவிக்கப்படாமையே கேடாயிற்று. 1983 செப்டெம்பர் 1ஆந் திகதி வழிவிலகிச் சோவியத் எல்லைக்குட் புகுந்து சுட்டு வீழ்த்தப்பட்ட கொரிய வானூர்தியில் நல்ல கருவி இருந்தும், வானூர்தியைச் செலுத்தும் பொறியோடு அது இணைக்கப்பட்டிலது. 269 உயிர்கள் போயின. அதன்பின்னரே அமெரிக்கா தன் ஜி. பி. எஸ். செய்மதித் தொகுதியைக் குடிசார் பயணங்களுக்கும் திறந்துவிடுவதாக அறிவித்தது. அத்தொகுதி 1995இல் முழுமை பெற்றது. வேண்டுமென்றே புகுத்தப்பட்ட வழு 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டதும் எளிய கருவியும் பத்திருபது மீற்றருக்குள் இடம் கூறலாயிற்று.

நிலத்தில் ஓடும் வாகனங்களுக்கு இக்கலை பிந்தியே வந்தது. 1981இல் ஹொண்டா நிறுவனம் வாயுச் சுழல்கருவி ஒன்றையும் சக்கரச் சுழற்சியையும் கொண்டு, ஒளி ஊடுருவும் தேசப்படத்தின்மேற் புள்ளியாக வண்டியின் இடத்தைக் காட்டியது. 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஈற்றக் கருவி, தேசப்படத்தையே ஒரு சான்றாகக் கொண்டது: வண்டி சாலையில்தான் ஓடும், ஆதலின் கணிப்பு சாலையை விட்டு விலகினால் அதனைச் சாலைமேற் கொணர்க. திருப்பம் தோறும் வழு நீங்கும்.

இத்தகைய இணைப்பின் தேவையைக் கினிகத்தேனைச் சாலையினும் தெளிவாகக் காட்டும் இடம் அரிது. ஒரு பக்கம் செங்குத்தான மலை வானத்தின் பாதியை மறைக்கின்றது. அப்பகுதியிலுள்ள செய்மதிகள் புலப்படா. பாறையில் தெறித்து வரும் அலை நேரலையினும் நீண்ட வழியே வருதலின், தூரம் மிகுந்து காட்டும். நனைந்த மரச்செறிவு அலையை மெலிவிக்கும். செய்மதி ஒன்றையே நம்பும் கருவி இங்கே கீழ்ச்சாலையில் ஓடும் வண்டியை மேற்சாலையிற் காட்டுதல் கூடும். கொண்டையூசி வளைவுகளில் இரண்டுக்கும் இடைவெளி சில மீற்றரே. சக்கரச் சுழற்சி கடந்த தூரத்தைத் தரும். ஆனால் நனைந்த சாலையில் வழுக்கினால் மிகைபடக் கூறும். கைரோஸ்கோப்பு திருப்பத்தை நுட்பமாகத் தரும். ஆனால் நேரம் செல்லச் செல்லத் திசை பெயரும். பாரமானி ஏற்றத்தைக் காட்டும். மழை வந்தால் வளியமுக்கமும் மாறும். ஒவ்வொன்றும் வெவ்வேறு காரணத்தால் பிழைபடுவதே இங்கே பேறு.

செய்மதி கூறும் இடத்தைப் பழைய தேசப்படத்தில் நேரே குறித்தலும் பிழை என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பழைய படங்கள் 1830இல் எவரெசுற்று வகுத்த பூமியுருவின்மேல், கண்டவளையை ஆதாரமாகக் கொண்டு வரையப்பெற்றவை. செய்மதித் தொகுதி வேறொரு பூமியுருவைக் கொண்டது. இவ்விரண்டையும் பொருத்தவே நில அளவைத் திணைக்களம் செய்மதி அளவைகளின் துணையோடு தேசிய வலைப்பின்னலை மீள அளந்து, 1999ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் புதிய ஆதாரத்தை வகுத்தது. பிதுருதலாகலைக்குரிய எண்களும் அதனால் மாறின: முன்னர் இரு திசைக்கும் 200,000 மீற்றர் எனக் குறிக்கப்பெற்ற ஆதாரம், புதிய தொகுதியில் 500,000 மீற்றர் எனக் குறிக்கப்பெறுகின்றது. பழைய படத்தின் எண் எது, புதிய படத்தின் எண் எது எனப் பார்த்தவுடன் அறியவே இவ்வேறுபாடு உதவுகின்றது.

நோர்ட்டன் பிரிட்ஜில் அவ்வானூர்தியின் சக்கரவளையம் ஒன்று நினைவுப் பொருளாக வைக்கப்பட்டுள்ளது. கினிகத்தேனையிலிருந்து மஸ்கெலியா நோக்கிச் செல்வோரிற் பலர் அதனைக் கண்டிருப்பர்.